எதிர் சீட்டில் வந்து உட்கார்ந்தவள்

போன வருஷம் ஏலக்காய் எடுப்பு மும்முரமாக இருந்த நேரம். போடியிலிருந்து விடியும்போதே ஜீப்பில் மலையேறி, கேரளா பக்கத்துத் தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு, சாயங்காலம் இறங்குகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. அந்த ஜீப்பில் அவரவருக்கு ஓர் இடம் உண்டு, வருஷக்கணக்கில் மாறாது. எனக்கு எதிரே, முழங்கால் முட்டுகிற நெருக்கத்தில் உட்காருவது எங்கள் தெரு மதினி ஒருத்தி. அவள் மகளும் என் மகளும் பிளஸ் டூ. ஒன்றாம் வகுப்பிலிருந்தே சேக்காளிகள்.

அப்போது போடி தியேட்டரில் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துப் பையன்கள் மூன்று பேரின் கூத்து. வாயைத் திறந்தால் இரட்டை அர்த்தம்தான். எங்கள் ஜீப்பு ஆம்பளைகள் அதைப் பார்த்துவிட்டு வந்து, பொம்பளைகள் இருக்கிறோமே என்ற கூச்சம்கூட இல்லாமல் வசனத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நாங்கள்தான் காது கேட்காதவர்கள் மாதிரி வெளியே பார்த்துக்கொண்டு வருவோம்.

ஒரு திங்கட்கிழமை காலை, முன்சீட்டு அண்ணன் ஒருவர் திரும்பி, "தங்கச்சி, சனிக்கெழம ஒம் மகளும் அவ சேக்காளியும் அந்தப் படத்துக்கு வந்திருந்துச்சுக. விழுந்து விழுந்து சிரிக்குதுக" என்றார். மொத்த ஜீப்பும் என்னைப் பார்த்தது. என்னிடம் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். சரி, நீங்கள் அங்கே என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று அவரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் இரண்டு பேரும் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தேன். "பொய்யா சொல்ற? நாளையிலருந்து பள்ளிக்கூடம் கெடையாது. காய் எடுக்க வா எங்கூட!" என்று மகளைப் பார்த்துக் கத்தினேன். கோபம் வந்தால் நான் சொல்கிற வழக்கமான மிரட்டல்தான் அது. என் மகள் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சேக்காளிதான் எழுந்து, "நாந்தான் அத்தை கூட்டிட்டுப் போனேன். அவ வரமாட்டேன்னுதான் சொன்னா" என்றாள்.

எனக்கு அது போதுமாக இருந்தது. மறுநாள் ஜீப்பில், அத்தனை பேர் முன்னால், அவள் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "ஒம் மகள அடக்கி வையி மதினி. தான் கெட்டது பத்தாதுன்னு எம் மகளையும் இழுத்துட்டுப் போயிருக்கா." அன்றைக்குப் பூராவும் ஏலச்செடியின் அடித்தூரை விட்டு மதினியின் தலை நிமிரவில்லை.

இரண்டு நாள் கழித்து மதினி வரவில்லை. அவள் இடத்தில் அவள் மகள் வந்து உட்கார்ந்தாள். தலையில் துண்டுக்கட்டு, மடியில் காய் போடுகிற சாக்கு, காலுக்குப் பெரிதான அம்மாவின் ரப்பர் பூட்ஸ்.

"அம்மாவுக்கு முடியலையா?" என்றேன்.

"இல்லத்தை. படிச்சது போதும்னு அப்பா சொல்லிட்டாரு. இந்த ஜீப்புல ஏற வெக்கமா இருக்குன்னு அம்மா வேற ஜீப்புல போகுது."

பின்சீட்டிலிருந்து ஒருவன் அந்தப் பட வசனத்தை எடுத்துவிட்டான். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. ஒவ்வொரு வளைவிலும் அவள் முழங்கால் என் முழங்காலில் இடித்தது.

வீட்டில் வந்து சொன்னதும் என் மகள் ஓவென்று அழுதாள். "டிக்கெட் எடுத்ததே நாந்தாம்மா. அவ வேணாம்னு சொன்னா. மலைக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்னு நீ கத்துனேல்ல, நெசம்னு நெனச்சுப் பழிய அவ ஏத்துக்கிட்டா." நான் சும்மா சொன்ன மிரட்டல், அவள் வீட்டில் நிஜமாகிவிட்டது.

மறுநாள் காலை, மலை ஏறுவதற்கு முன்னால் முந்தல் செக்போஸ்ட்டில் ஜீப்பு நின்றது. நான் வாயைத் திறந்தேன். "படத்துக்குக் கூட்டிட்டுப் போனது எம் மக. இந்தப் புள்ள மேல நான் சொன்னது தப்பு. இப்பச் சொல்லுங்க, அந்தப் படத்தப் பாக்காத ஆம்பள இதுல யாரு? பாத்ததுக்காக ஒங்கள்ல யாரு சோலிய நிறுத்துனாக?"

டிரைவர், "நேரமாகுது ஆத்தா, மேல போயிப் பேசிக்கலாம்" என்றார். நான் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன். பஸ்சைப் பிடித்து நேராக அவள் வீட்டுக்கே போனேன்.

"ஊரே பேசுதே" என்றார் அவள் அப்பா.

"பேசுனது ஊரு இல்லண்ணே, நானு. அது போகட்டும், அந்தப் படத்த நீங்க பாத்தீகளா?"

அவர் சுவரைப் பார்த்தார். என் முதுகுக்குப் பின்னாலிருந்து, "ரெண்டு வாட்டி" என்றாள் அவர் மகள்.

அடுத்த திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடம் போனாள். கொஞ்ச நாள் கழித்து அந்தப் படத்தை என் மகளின் போனில் நானும் பார்த்தேன். பாதி வசனத்துக்கு எடுத்தவர்களை நாலு கேள்வி கேட்க வேண்டும் போல் இருந்தது. கடைசியில், சேக்காளிக்காக ஒரு பையன் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறான். அந்த இடத்தில் தியேட்டரே எழுந்து கைதட்டியதாம். அதையே நிஜத்தில் ஒரு பெண்பிள்ளை செய்தபோது, கைதட்டிய இதே ஊர் அவள் மடியில் சாக்கைக் கட்டி மலைக்கு அனுப்பியது. கட்டிவிட்ட கைகளில் என் கையும் ஒன்று என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

மதினி இன்னும் எங்கள் ஜீப்புக்குத் திரும்பவில்லை. அவள் இடத்தில் சாப்பாட்டுத் தூக்குகளை வைத்துக்கொள்கிறோம். யாரைப் பற்றியாவது பேச வாயெடுக்கும்போது, வளைவு திரும்பி அந்தத் தூக்கு என் முழங்காலில் இடிக்கிறது. நான் வாயை மூடிக்கொள்கிறேன்.