மூன்று கோட் வார்னிஷ்

அக்கா அந்த ஞாயிற்றுக்கிழமை மாநில அணித் தேர்வில் சுட வேண்டும். அதற்கு முந்தைய வியாழக்கிழமை வரை அவளுடைய ரைஃபிள் அடம்பிடித்துக்கொண்டிருந்தது. முதல் மூன்று குண்டுகள் நடுவில் விழும். பிறகு ஒவ்வொன்றும் வலப்பக்கம் நகரும். அக்காவுக்கு நர்ஸ் வேலை, நாற்பத்தாறு வயது. கண் தளர்ந்துவிட்டது என்றார் பயிற்சியாளர். அக்கா விலகல் கடிதத்தை எழுதி, பத்திரிகைக்காரனான என்னிடம் பிழை பார்க்கத் தந்தாள். பிழை இல்லை.

"ரிப்பேர்காரர்கிட்ட ஒருதடவை காட்டிட்டு அப்புறம் லெட்டரைக் கொடுக்கா" என்றேன்.

மண்டி மொஹல்லாவில் இருந்த துப்பாக்கிக் கடைக்கு ஆட்டோவில் போனோம். நீளப் பெட்டி இருவர் மடியிலும் கிடந்தது. அவளோடு அப்படி ஒட்டி உட்கார்ந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. இன்று யோசித்தால் அந்தப் பயணம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

துப்பாக்கி பழுது பார்ப்பவர் ராமாபுரத்துக்காரர். போல்ட்டை உருவிவிட்டு, குழல் வழியாக வெளிச்சத்தைப் பார்த்தார்.

"பேரல் நேராத்தானுங்க இருக்குது. பேப்பர்க்காரரே, உங்க பேப்பர்ல ஒரு துண்டு கிழிங்க."

துண்டைக் குழலுக்கும் மரத்துக்கும் இடையில் நுழைத்து இழுத்தார். பாதியில், இடப்பக்கம், சிக்கியது. பிறகு அக்காவின் விரல்நுனியை மரமும் குழலும் சேரும் இடத்தில் வைக்கச் சொல்லி, அடியிலிருந்த முன் திருகைத் தளர்த்தினார்.

"அசையுது!" என்றாள்.

"அசையக் கூடாதுங்க. திருகை இறுக்குனா ஆக்‌ஷனே, பேரலைப் பிடிச்சிருக்கிற இந்த இரும்பே, வளைஞ்சு உக்காருது. மூணு குண்டுல பேரல் சூடானதும் மரம் அதை வலப்பக்கம் தள்ளுது. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

இரும்பைக் கழற்றி, அடியில் விளக்குக் கரி தடவி, மறுபடி மரத்தில் பொருத்தி எடுத்தார். உள்பள்ளத்தில் இரண்டு இடங்களில் மட்டும் கரி ஒட்டியிருந்தது. விரலால் துடைத்ததும் அந்த இடங்கள் பளபளத்தன.

"உள்ளுக்குள்ள யாருங்க வார்னிஷ் அடிச்சது?"

இரண்டு மாதம் முன்பு அவளுடைய பிறந்தநாளுக்கு, துப்பாக்கியின் மரக்கட்டையை மட்டும் கழற்றி வாங்கி, தேவராஜ மொஹல்லாவில் நாற்காலிகளுக்கு பாலிஷ் போடுபவரிடம் கொடுத்தவன் நான்.

"நான்தான்" என்றேன். "ஒரு கோட் போதும்னார். நான்தான் மூணு போடச் சொன்னேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். "ரெண்டு மாசமா ஆஸ்பத்திரில கண் டாக்டர் பின்னாடியே அலையறேன். நீ மூணு கோட் போட்டிருக்க, இல்ல?"

"பளபளன்னு இருக்கட்டும்னுக்கா..."

"பேசாத நீ."

கடைக்காரர் தலை நிமிராமல் சிரித்தார். பள்ளத்தில் கரி ஒட்டிய இடங்களை மட்டும் சுரண்டினார். பொருத்துவார், எடுப்பார், மறுபடி சுரண்டுவார். ஏழாவது முறை கரி எல்லா இடத்திலும் சீராக ஒட்டியது. காகிதத் துண்டு தடையில்லாமல் முழு நீளமும் ஓடியது. சொல்லாமலே அக்கா திருகைத் தளர்த்தி, விரல் வைத்துப் பார்த்தாள். அசைவே இல்லை. கைப்பையிலிருந்த கடிதத்தை அங்கேயே கிழித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் தொலைநோக்கியில் கண் வைத்திருந்தேன். நான்காவது குண்டு நடுவில். ஐந்தாவதும் அங்கேயே. "நடுவுலதான்க்கா" என்று மெல்லச் சொன்னேன். அவள் திரும்பவில்லை, அடுத்த தோட்டாவை எடுத்துப் போட்டாள்.