அலுவலகத்துத் துறட்டி

மூட்டுவாதம் தோள்களுக்கு ஏறிய பிறகு கைகளை நெஞ்சுக்கு மேல் தூக்க முடியாமல் போனது. நான் வேலை பார்ப்பதோ சுரங்க வரைபடப் பிரிவில். சுருட்டிய வரைபடங்கள் கூரையைத் தொடுமளவு அடுக்கப்பட்டிருக்கும். வடலூர் மருந்துக்கடையில் சொல்லிவைத்து, பிடியை அழுத்தினால் நுனி கவ்விக்கொள்ளும் நீண்ட கோல் ஒன்றை வாங்கினேன். எவரையும் அழைக்காமல் ஒரு வரைபடத்தை நானே இறக்கிய அந்தக் காலையை இன்றும் அன்போடு நினைக்கிறேன்.

மேலாளருக்கு அது உறுத்தியது. கருவி தேவைப்படுகிறவர் வேலைக்கு உதவாதவர் என்பது அவருடைய கொள்கை.

"எதுக்கு மேடம் கஷ்டம்? லைட் டியூட்டிக்கு எழுதிடறேன். நிம்மதியா உக்காந்திருங்க."

லைட் டியூட்டி என்பது வராந்தாவில் ஒரு நாற்காலி. அதில் அமர்ந்த எவரும் தம் மேசைக்குத் திரும்பியதில்லை. ஒரு வாரம் அவகாசம் கேட்டேன், கொடுத்தார்.

அது மாங்காய்ப் பருவம். டவுன்ஷிப்பில் மாமரம் இல்லாத குவார்ட்டர்ஸ் அபூர்வம். எங்கள் அலுவலக உதவியாளர், காய் பறிக்கும் துறட்டியை நினைத்து, என் கோலுக்குத் 'தொரடு' என்று பெயரிட்டார். பெயர் விழுந்ததும் அது பொதுச்சொத்தாயிற்று. மறுநாள் காலையில் கோலைக் காணோம். உதவியாளரைக் கேட்டேன்.

"பக்கத்து செக்‌ஷன் சாரு எடுத்துக்கினு போனாரு மேடம். பெரிய காய கவ்வ மாட்டேங்குதாம். கொஞ்சம் ஸ்ட்ராங்கா பாத்து வாங்கியிருக்கக் கூடாதா?"

மன்னிப்புக் கேட்க வேண்டியது நான்தான் போலும்.

அவகாசத்தின் கடைசி நாளில், பழைய வரைபடம் ஒன்றை உடனே எடுத்து வரும்படி மேலாளர் சொல்லியனுப்பினார். கோல் மறுபடியும் இல்லை. அதைச் சொல்லத்தான் அவர் அறைக்குப் போனேன். அவர் நாற்காலியில் சாய்ந்தபடியே, என் கோலால் எதிர் மேசையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தைக் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தார்.

"சார், உங்களுக்கும் சேர்த்தே லைட் டியூட்டிக்கு எழுதிடலாமா?" என்றேன்.

தேநீர் கொண்டுவந்த உதவியாளர் வாசலிலேயே நின்றார். "வராந்தால ரெண்டு சேரா போட்டுடட்டுங்களா சார்?"

மேலாளர் கோலை மேசைமேல் வைத்தார். பொட்டலத்தை வைக்கவில்லை.

"போய் வேலையப் பாருங்க மேடம்."

நான் பெற்ற உத்தரவுகளிலேயே தெளிவானது அதுதான். போய், அந்த வரைபடத்தை நானே இறக்கினேன். கோலின் நுனியில் காயாதிருந்த மாம்பால் ஒட்டி, வரைபடத்தில் நிலக்கரி அடுக்கைக் குறித்திருந்த இடத்தின் ஓரத்தில் ஒரு பழுப்புக் கறை விழுந்துவிட்டது. அதன் பிறகு எத்தனையோ அதிகாரிகள் அந்த வரைபடத்தை விரித்துப் பார்த்துத் தலையசைத்திருக்கிறார்கள். அந்தப் பழுப்பு என்ன கனிமம் என்று ஒருவரும் கேட்டதில்லை.