மாலை போடாத படம்

அப்பா செத்து இரண்டு கிழமையில் படப் பிரச்சினை தொடங்கியது. முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிற சனத்துக்கு ஒரு சில்வர் கிண்ணமும், செத்தவரின் படம் போட்ட ஒரு சின்னப் புத்தகமும் கொடுப்போம். அந்தப் புத்தகத்தைக் கல்வெட்டு என்போம். அதில் எந்தப் படத்தைப் போடுவது?

என்னிடம் அப்பாவின் நல்ல படம் ஒன்றுதான் இருந்தது. மற்றதெல்லாம் பாஸ்போட்டுக்கு எடுத்தது, இல்லாவிட்டால் யாருடைய கலியாண வீட்டிலோ முகத்தை இறுக்கிக்கொண்டு நிற்கிறது. இதில் அப்பா வாயைத் திறந்து சிரிக்கிறார். முன்பல் ஒன்று இல்லாதது தெரியும். பக்கத்தில் எங்கள் கீழ்வீட்டு வெள்ளைக்காரர் நெஞ்சில் பதக்கங்களோடு, அப்பாவின் தோளில் கைபோட்டபடி. பின்னால் பிரிட்டன் கொடிகள் சின்னதாக நூலில் தொங்கும். நான்தான் ஃபோனில் எடுத்தேன்.

அந்த மனிதர் எண்பத்திரண்டாம் ஆண்டில் போக்லாந்து தீவுகளுக்குச் சண்டைக்குப் போனவர். தன்னுடையது என்று ஆர்ஜென்டினா பிடித்த தீவுகளை இந்த நாடு கப்பல் அனுப்பித் திரும்பப் பிடித்தது. அவர் போன கப்பல் குண்டுபட்டு எரிந்தது. காதோரத் தோல் இன்னும் சுருங்கித்தான் இருக்கிறது. அப்பா அவரைக் கப்பல்காரர் என்று சொல்வார். அப்பா பெற்றோல் செட்டில் வேலை முடிந்து வந்தால் லண்டனில் எங்கள் கோலியர்ஸ் வுட் பிளாட்டின் கீழ்வாசலில் இரண்டு பேரும் நின்று கதைப்பார்கள். அப்பாவின் இங்கிலீஷ் அரைகுறை. கப்பல்காரருக்கு அது போதுமாக இருந்தது.

ஆர்ஜென்டினா பந்து விளையாடுகிற நாளில் கப்பல்காரர் பப் பக்கமே போகமாட்டார். சண்டை நடந்தபோது பிறந்தேயிராத பெடியள் அவரைக் கதிரையில் ஏற்றி நிறுத்திப் பாட்டுப் பாடுவார்களாம். எங்கள் வீட்டுக்கு வந்து, டிவிச் சத்தத்தை நிற்பாட்டிவிட்டு, அப்பாவோடு இருந்து பார்ப்பார். ஆர் வெல்லவேண்டும் என்று அப்பா ஒருமுறை கேட்டார். கெதியாக முடிந்தால் சரி என்றார் அவர். ஜூனில் சண்டை முடிந்த நாளுக்கு மட்டும் பழைய ஆட்கள் கூடுகிற கிளப்புக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போவார். தனியப் போக அவருக்கு விருப்பமில்லை. யாராவது ஒரு அரசியல்வாதி வந்து, தானே துவக்குத் தூக்கின மாதிரிப் பேசிவிட்டுப் போவாராம். படம் அங்கே, நானும் கூடப் போன ஒரு வருசம் எடுத்தது.

கடைசியில் அப்பா விழுந்ததும் அந்தக் கீழ்வாசலில்தான். நான் வேலை செய்கிற கடையில் காசு வாங்குகிற டில்லில் நின்றேன். அம்புலன்ஸ் வரும்வரை அப்பாவின் தலையை மடியில் வைத்திருந்தவர் கப்பல்காரர். எனக்கு அந்தப் படம் முழுதாக வேண்டும். வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை.

காரியமெல்லாம் பார்த்தது பெரியப்பா. அப்பாவின் அண்ணன், லண்டனின் கிழக்குப் பக்கம் பார்க்கிங் என்ற ஊரில் இருக்கிறார். படத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

"உதென்ன, கொப்பர் பட்டாளத்தில சேர்ந்தவரோ?"

"பக்கத்தில நிக்கிற அங்கிள்தான் பெரியப்பா. அவர் நேவி."

"நேவியோ! ஆமியெண்டாலும் பரவாயில்லை. எங்களைக் கடலில வைச்சு அடிச்சது ஆரடி?"

"அது சிலோன் நேவி. இவர் வேற."

"எல்லாம் ஒரே உடுப்புத்தான்."

அப்பாவும் பெரியப்பாவும் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் ஒரு தீவில் பிறந்தவர்கள். எங்கள் சண்டையில் அந்தத் தீவுச் சனம் உடுத்த உடுப்போடு வள்ளத்தில் ஏறி ஓடியது. பெரியப்பாவுக்குக் கோபம் வர நேவி என்ற சொல்லே போதும்.

"மற்றது பிள்ளை, உயிரோட இருக்கிற மனுசனைச் செத்தவற்ற படத்தில வைக்கிறதோ? மாலை போட்டு விளக்குக் கொளுத்தினா அந்தாளுக்கெல்லோ கூடாது."

முதல் சொன்ன நியாயத்தோடு நான் சண்டை பிடித்திருப்பேன். இதோடு பிடிக்க முடியாது. நான் ஊரில் ஏழாம் வகுப்பு, இங்கே வந்து பள்ளிக்கூடம் ஒட்டவில்லை. ஆனாலும் இது எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்த விசயம்.

கல்வெட்டு அச்சடித்து வந்தது. கொடிகள் இருந்த இடத்தில் நீல வானமும் முகிலும். அப்பாவுக்கு இல்லாத பல்லையும் முளைக்கவைத்திருந்தார்கள். கப்பல்காரரை வெட்டி எடுத்தவர்கள் கையை மறந்துவிட்டார்கள். அப்பாவின் தோளில் நாலு வெள்ளை விரல், மோதிரத்தோடு.

"ஆர் உதை உத்துப் பாக்கப் போகினம்?" என்றார் பெரியப்பா.

முப்பத்தோராம் நாள் சாப்பாடு நடந்த ஹோலுக்குக் கப்பல்காரர் பதக்கம் ஒன்றும் குத்தாமல், சாம்பல் கோட்டோடு வந்தார். வாழையிலையில் கையால் சாப்பிட்டார். நாங்கள் கொடுத்த கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கல்வெட்டை எடுத்தார். தமிழ் தெரியாத ஆள், படத்தை மட்டும் கனநேரம் பார்த்தார்.

"இது என்ரை கை, பிள்ளை," என்று இங்கிலீஷில் சொன்னார். "மிச்ச நான் எங்கே?"

பெரியப்பா பக்கத்தில்தான் நின்றார். நான் நேவிக் கதையை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னேன். "செத்தவரின் படத்தில் உயிரோடு இருக்கிறவரை நாங்கள் வைக்கிறதில்லை, அங்கிள்."

அவர் யோசித்தார். பிறகு ஹோலே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்தார். பேர்ஸுக்குள் இருந்து மூலை மடங்கின ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தார். கப்பல் தட்டில் ஐந்து பெடியள், சட்டை இல்லாமல். இரண்டு பேர் கப்பலோடு போய்விட்டார்களாம். ஒருவர் வீட்டுக்கு வந்து சில வருசத்தில் தானாகவே முடித்துக்கொண்டார். மற்றவர் போன மாரியில், நெஞ்சு நோய்.

"உங்கள் வழக்கத்துக்கு, இதில் என்னைத்தான் வெட்டவேண்டும்," என்றார்.

"என்னவாம்?" என்றார் பெரியப்பா. நான் தமிழில் சொன்னேன். அவர் குனிந்து பார்த்தார்.

"உதில இவர் எது?"

காட்டினேன்.

"மீசையும் முளைக்கேல்லை," என்றார். அந்தப் படத்தைத் தொடவில்லை. பரிமாறுகிற பெடியனைப் பார்த்து, "டேய், இந்தாளுக்கு வடை போட்டதோ?" என்று கத்தினார்.

அடுத்த கிழமை நான் அப்பாவின் படத்தை ஃபோனில் உள்ளபடியே, கொடி, பதக்கம், ஓட்டைப்பல் எல்லாத்தோடும் பெரிதாக அடித்து பிரேம் போட்டு வரவேற்பறையில் மாட்டினேன். மாலை போடவில்லை, விளக்கும் வைக்கவில்லை.

பெரியப்பா வந்தார். சப்பாத்தைக் கழற்றும்போதே கண்டுவிட்டார்.

"மாலை போடேல்லையோ?"

"அதில உயிரோட இருக்கிற ஆளும் நிக்கிறார், பெரியப்பா."

"ம்." கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தார். "ஏன் கொப்பர் உப்பிடிச் சிரிக்கிறார்?"

படம் எடுக்க முந்தி, நீங்கள் காப்பாற்றின தீவில் எவ்வளவு சனம் என்று அப்பா அவரைக் கேட்டார். சனம் கொஞ்சம், செம்மறிதான் கூட என்றார் கப்பல்காரர். அதற்கு அப்பா, எங்கள் தீவில் அந்தளவுக்கு ஆடு இல்லை, அதுதான் எங்களைக் காப்பாற்ற ஒரு கப்பலும் வரவில்லை என்றார். தன் பகிடிக்குத் தானே சிரித்தார். நான் அப்போதுதான் ஃபோனை அமத்திப் படம் எடுத்தேன்.

இதைப் பெரியப்பாவுக்குச் சொன்னேன். அவர் பெரிய சத்தமாகச் சிரிக்கத் தொடங்கி, பாதியில் சிரிப்பை விட்டுச் சோபாவில் குந்திவிட்டார். நான் போட்டுக் கொடுத்த தேத்தண்ணி ஆறிப்போனது.

"அவன் உப்பிடித்தான் கதைப்பான்," என்றார்.