முருகேசன் சலூனில் இருந்த மீன்

கம்பத்தில் சலூன் வைத்திருந்த முருகேசன் நேற்று மதியம் போய்விட்டான்... மாரடைப்பு. என்னைவிடப் பதினாறு வயது சின்னவன்.

இதை நானே டைப் செய்கிறேன். எழுத்துப் படித்து ஐந்து மாதம்தான் ஆகிறது. மதியம் ஆரம்பித்தேன், இன்னும் முடியவில்லை. இருந்தாலும் நானே எழுதுவதில் ஒரு சந்தோஷம்.

அவன் மேல் எனக்குப் பொறாமை. காரணம் ஒரு மீன்.

அவன் கடையில் ஓர் உப்புத் தண்ணீர்த் தொட்டி. அதில் அவன் மருமகன் கொச்சியில் வாங்கி வந்த பவளப்பாறை மீன். விரல் நீளம்தான். நீல உடம்பில் ஆரஞ்சுக் கோடுகள் நெளியும்... சரியான கூச்சக்காரி. எந்நேரமும் கல்லுக்குப் பின்னால். 'புதுப்பொண்ணு' என்பான்.

எனக்கு ஷேவிங் செய்துகொண்டே “வா ஆத்தா” என்பான். வந்துவிடுவாள். எதிர்க் கண்ணாடியில் பார்ப்பேன். எழுந்து தொட்டிப் பக்கம் போய் டொக் டொக் என்று தட்டிக் கூப்பிட்டால், வால்கூடத் தெரியாது.

இதற்காகவே இரண்டு வருடம், ஞாயிறு தோறும் சுருளிப்பட்டியில் இருந்து பஸ் ஏறினேன்.

தொட்டிக்கு மேல் ஒரு மஞ்சள் அட்டை. கட்டிங், ஷேவிங் ரேட் என்று நினைத்திருந்தேன். போன மாதம் எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'கண்ணாடியைத் தட்டாதீர்கள். மீன் பயப்படும்.'

“ஏம்ப்பா, ரெண்டு வருசமா தட்டுறேன். ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னான். “சொல்லிருந்தா மொத வாரமே ஒங்ககிட்ட வந்திருக்கும். பாத்துட்டு, அப்புறம் ஒங்க ஊர்லயே சேவிங் பண்ணிக்கிருவீக. இங்கன எதுக்கு வரப்போறீக அண்ணே?”

எனக்குக் கோபம் வரவில்லை... சிரிப்புத்தான் வந்தது.

அன்றிலிருந்து கையைக் கட்டிக்கொண்டு தொட்டி முன்னால் உட்கார்ந்தேன். போன ஞாயிறு பாதி உடம்பு காட்டினாள். “அடுத்த வாரம் முழுசா வந்துருவாண்ணே” என்றான்.

இன்று காலை இரை போட மருமகன் ஷட்டரைத் தூக்கினார். நானும் உள்ளே போய் உட்கார்ந்தேன்.

முழுசாக வந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. அவன் கத்தரியோடு நிற்கும் ஓரத்துக்குப் போய், கண்ணாடியில் மூக்கு வைத்து நின்றாள். வெகுநேரம்.

“யாரத் தேடுதுங்கய்யா?” என்று என்னைக் கேட்டார் மருமகன்.

போய் வா முருகேசா. இப்பவும் பொறாமையாகத்தான் இருக்கிறது.