அரசனுக்கு நிறம் காணாதாம்

போன சனிக்கிழமை பின்னேரம், வெயில் கொளுத்தும்போதே எங்கள் மண்டபத்தில் கூத்து நடந்தது. பகலில் கூத்தா என்று கேட்காதீர்கள்... இருட்டடிப்பு! துறைமுகத்தைச் சுற்றி ஒரு குப்பி விளக்கு வெளிச்சம்கூடத் தெரியக்கூடாது என்று உத்தரவு. விடிய விடிய ஆடவேண்டியதைச் சுருக்கி, யுத்த நிதிக்காக ஆடினோம்.

நான் சந்தோஷமாகத்தான் போயிருக்கவேண்டும். அந்த மண்டபத்தில் வெள்ளைக்காரரின் கதிரைகளுக்கும் மற்றவர்களுக்கும் நடுவே எப்போதும் ஒரு கயிறு இருக்கும். கலை பார்க்க வருகிறவர்களைத் தோலைப் பார்த்தா இருத்துவது? நாங்கள் நாலைந்து பேர் ஒரு கமிட்டி போட்டு, கடற்படை ஆபீசர்களின் வாசலில் மாதக்கணக்கில் நின்றோம். கடைசியில் கயிறு போயிற்று. பேசி வென்றவர் எங்கள் தலைவர் — ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு.

இனி யோனாவின் கதைக்கு வருகிறேன். கிழக்கு ஆபிரிக்கச் சிப்பாய். சாம்பல்தீவுப் பக்கம் கேம்ப். ஒத்திகை வளவுக்கு வெளியே நின்று மத்தளம் கேட்டுக்கொண்டிருந்தவரை, கூத்துப் பழக்கும் அண்ணாவியார் உள்ளே கூப்பிட்டார். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் இல்லை. தாளம் போதுமாயிருந்தது. அரசன் சபைக்கு வரும் ஆட்டத்தில் எங்கள் பொடியன்களுக்கு மூச்சு வாங்கும். யோனா சிரித்துக்கொண்டே ஆடினார்.

அரசனாக ஆட இருந்தவன் காய்ச்சலில் படுக்க, அண்ணாவியார் யோனாவின் காலில் சதங்கை கட்டிவிட்டார். பாட்டைப் பின்னால் நின்று வேறொருவர் பாடுவதாக ஏற்பாடு. சதங்கை கட்டினால் வேஷம் அவருடையது, அதுதான் கூத்து வழக்கம். "ஊருக்குப் போய் அம்மாவுக்குச் சொல்வேன், இங்கே நான் ராஜா" என்று அரைகுறை ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னார் யோனா.

கடைசி ஒத்திகைக்குத் தலைவர் வந்தார். பார்த்தார். அண்ணாவியாரைக் கூப்பிட்டார்.

"அரசனுக்கு இந்த நிறம் காணாது, வெளுப்புப் போதாது. ஆளை அரக்கனாக்குங்கோ. மை பூசுற வேலையும் மிச்சம்."

அண்ணாவியாருக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கட பொடியள் மட்டும் என்ன வெள்ளையோ ஐயா? முகத்தில முத்துவெள்ளையை அப்பித்தானே ராசாவாக்கிறனான்! கட்டின சதங்கையை அவிழ்க்க ஏலாது."

"அது வேற கதை. சதங்கையோட அரக்கனா ஆடட்டும். வெள்ளைக்காரர் முன்னால எங்கட மானம் போகும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "கயிற்றை எடுக்கச் சொல்லிச் சண்டை பிடிச்சது நீங்கள்தானே ஐயா?"

"ஓம் தம்பி. அது எங்களுக்காக!"

கமிட்டி முழுவதும் தலையாட்டியது. அண்ணாவியாரும் நானும் தோற்றோம். யோனாவுக்குச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. அவர் காலிலிருந்த சதங்கையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "அரக்கன் எப்படி நடப்பான்?" என்று மட்டும் கேட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

சனிக்கிழமை யோனா மேடைக்கு வந்ததும் மண்டபமே கொல்லென்று சிரித்தது. வெள்ளைக்காரரும் எங்கள் சனமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து, தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். அவர் என்ன அருமையாக ஆடினார் தெரியுமா? அவருடைய கால் அசைவை யார் பார்த்தார்கள்! அவருடைய கேம்ப் தோழர்கள் மட்டும் எழுந்து வெளியே போனார்கள். அண்ணாவியார் குனிந்த தலை நிமிராமல் மத்தளம் அடித்தார்.

ஆட்டம் முடிந்ததும் யோனா சதங்கையைக் கழற்றி அண்ணாவியாரின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இந்தப் பக்கம் பிறகு வரவேயில்லை.

ஆபீசரின் கயிற்றுக்கு ஆபீசரிடம் மனுக் கொடுத்தோம். இதற்கு யாரிடம் கொடுப்பது? கமிட்டி, கூட்டம், தீர்மானம்... எல்லாவற்றிலும் எனக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. மனிதர் திருந்துவார்கள் என்று பத்திரிகையில் வாராவாரம் எழுதும் இந்தப் பத்தியில் எத்தனை தரம் எழுதியிருப்பேன்! இந்த வாரம் எழுதக் கை வரவில்லை.

கூத்துக்கு மறுநாள் தலைவர் என்னைத் தெருவில் மறித்து, "கண்டீரே தம்பி, கயிறு இல்லாத மண்டபத்தில எல்லாரும் ஒண்டா இருந்து சிரிச்சதை?" என்றார்.

கண்டேன் ஐயா... யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதையும் கண்டேன்.