கட்டி வைத்த புத்தகங்கள்

இன்று பிற்பகல் மூன்று மணிக்கு, அலிப்பூரில் என் ஆபீஸ் வாசலில், அத்திம்பேரின் பள்ளிக்கூடத்தைக் காவல் காக்கும் தர்வான் வந்து நின்றான். அத்திம்பேர் மாரடைப்பால் போய்விட்டார் என்றான். அக்காவின் பவானிப்பூர் வீட்டில் இப்போது எல்லோரும் அழுது ஓய்ந்து படுத்துவிட்டார்கள். எனக்கு அவர் சிரித்த முகம்தான் நினைவில் நிற்கிறது.

அத்திம்பேர் பட்டாபிராமன், என் அக்கா நாகலக்ஷ்மியின் புருஷன், கணக்கு வாத்தியார். பக்கத்துத் தெருப் பள்ளியில் அதிகம் பேர் மெட்ரிகுலேஷன் தேறிவிட்டார்கள் என்று அவர் பள்ளி ஹெட்மாஸ்டர் நிபாரண் பாபுவுக்கு ஒரு வருஷம் தூக்கம் போயிற்று. வாத்தியார்கள் எல்லோரும் இரவு எட்டு மணிவரை பாடம் நடத்த வேண்டும் என்று உத்தரவு போட்டார். அத்திம்பேர் மட்டும் ஐந்து மணிக்குக் குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார்.

மார்கழியில் ஒரு சாயந்திரம் நிபாரண் பாபு திருத்த வேண்டிய பரீட்சைத் தாள் கட்டோடு வீட்டுக்கே வந்தார். அக்காவின் பெண் காமுதான் கதவைத் திறந்தாள்.

"அப்பா எல்லாத்தையும் கட்டி வெச்சாச்சு" என்றாள், அவள் தெருவில் கற்ற வங்காளத்தில்.

கூடத்தில் மணைமேல் புத்தகங்கள் அடுக்கி, பட்டுத்துணி போர்த்தி, மேலே ஒரு பூவும் வைத்திருந்தது.

"மாஸ்டர் மஷாய், எங்க ஊர் சரஸ்வதி பூஜைக்கே இன்னும் ஒரு மாசம் இருக்கே!" என்றார் நிபாரண் பாபு அத்திம்பேரிடம்.

"எங்காத்துல தினமும் சாயந்திரம் உண்டு. கட்டி வெச்சுட்டா விடியற வரைக்கும் தொடப்படாது."

"எந்த சாஸ்திரத்துல இருக்கு?"

"நாகலக்ஷ்மி சாஸ்திரம்."

உள்ளேயிருந்து அக்கா தமிழில் கத்தினாள்: "பூ வெக்கறது நீங்க, பழி மட்டும் எனக்கா?"

நிபாரண் பாபு பக்திமான். துணியை விலக்க அவருக்குக் கை வரவில்லை. கையிலிருந்த தாள் கட்டையும் பட்டுத்துணிக்கு அடியில் செருகிக் கும்பிட்டார்.

"ஆனா ஒண்ணு. போன வருஷத்தைவிட தேறினதுல ஒரு பையன் குறைஞ்சாலும், அப்புறம் நீங்களும் எட்டு மணி வரைக்கும்."

"சம்மதம். அடை சாப்பிடறேளா?"

சாப்பிட்டார். தாயம் ஆடித் தோற்றார். மறுநாளும் வந்தார், தாள் இல்லாமல்.

அதற்குப்பின் அத்திம்பேர் பகலில் நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. பெஞ்சு பெஞ்சாகப் போய், பையன் கணக்குப் போடும்போதே பக்கத்தில் நின்று தப்பைத் திருத்துவார். திருத்த வேண்டிய தாள் ஒன்றுகூட வீட்டுக்கு வராது. பரீட்சை முடிவு வரும்வரை அக்காதான் காளிகாட்டுக் கோவிலுக்கு நடையாய் நடந்தாள்.

போன வருஷத்தைவிட ஒரே ஒரு பையன் கூடுதலாகத் தேறியிருந்தான்.

"ஒண்ணே ஒண்ணா!" என்றார் நிபாரண் பாபு.

"குறையலையே!" என்று அத்திம்பேர் அவரைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் ஸ்டாஃப் ரூமிலேயே ரசகுல்லாச் சட்டியைக் காலி செய்தார்களாம். அன்றிலிருந்து அத்திம்பேருடைய சாயந்திரத்தை யாரும் கேட்கவில்லை.

நேற்றும் ஐந்தரைக்கெல்லாம் மாடியில் இருந்தார். ஊரே பட்டம் விடும் விஸ்வகர்மா பூஜைக்குக் காமுவுக்கும் ஒரு பட்டம் கட்டிக்கொண்டிருந்தார். மூங்கில் குச்சிகளைச் சீவி நூலால் இறுக்கிவிட்டார். காகிதம் இன்னும் ஒட்டவில்லை.