விலக்கிக் கட்டிய பசு

ஒரு பசுவின் கண்ணை மூடியிருந்த உள்ளங்கையிலிருந்துதான் தொடங்க வேண்டும். கால்நடை மருத்துவர் பசுவின் கழுத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு மயிரைச் சிரைத்து, அந்த இடத்துத் தோலுக்குள் மெல்லிய ஊசியைச் செலுத்தினார். அது முடியும்வரை என் கணவர் தம் வலக்கையால் அதன் கண்ணை மறைத்தபடி, காதருகே குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு எனக்குக் கண்புரை அறுவை நடந்தது. அன்று அவர் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். ஏற்காட்டு மலையின் நாகலூரில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் வீட்டுக் கொட்டிலின் வாயிலில் நின்று அந்தக் கையைப் பார்த்தபோது எனக்கு எழுந்தது பொறாமைதான். அதற்கு நாகரிகமான வேறு பெயர் தேட நான் முனையவில்லை. தமிழ் கற்பித்தே காலம் கழித்தவளுக்கு மாற்றுச் சொற்கள் பல தெரியும். அவற்றுள் எதுவும் இதற்குப் பொருந்தாது.

என் கணவர் ஒரு தோட்டத்தில் ரைட்டராக, அதாவது கூலியாட்களின் வருகையையும் அவர்கள் பறித்த பழத்தின் எடையையும் குறித்துவைக்கும் எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். மலையிலேயே வழிவழியாக உழுது வாழ்ந்த குடும்பம். நான் சேலத்திலிருந்து மணமாகி மேலே வந்தவள். ஏற்காட்டில் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. திருமணமான மறுநாள் காலையில், "ஏனுங்க டீச்சர், தண்ணி காஞ்சுருச்சுங்களா?" என்று கேட்டார். அன்று தொடங்கிய 'டீச்சர்' இறுதிவரை மாறவில்லை. படித்த மனைவிக்கு அவர் தரும் மதிப்பைக் கண்டு உறவினர்கள் வியந்தார்கள். மதிப்பு என்பது நல்ல நாற்காலி போன்றது. நிமிர்ந்து அமரலாம், சாய்ந்து உறங்க இயலாது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே இம்மலையில் சிறியவர்களை அழைக்கும் 'கண்ணு', 'சாமி' என்னும் சொற்கள் எங்கள் வீட்டுக்குள் ஒலித்ததே இல்லை. பணி ஓய்வு பெற்ற ஆண்டில் அவர் மஞ்சக்குட்டையிலிருந்து ஒரு செந்நிறக் கலப்பினப் பசுவை ஓட்டிவந்தார். அன்று மாலையே கொட்டிலிலிருந்து அவர் குரல் கேட்டது: "என்ன கண்ணு, நொம்பத் தூரம் நடந்துட்டயா? காலு நோவுதா சாமி?" நான் அடுக்களையில் பருப்பைக் கடைந்துகொண்டிருந்தேன். அவரிடம் அந்தச் சொற்கள் இத்தனை ஆண்டுகளும் இருந்திருக்கின்றன என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மாரமங்கலத்தில் வாழ்க்கைப்பட்ட என் நாத்தனார் கூர்மையான கண்ணுடையவர். ஒருமுறை வந்திருந்தபோது, அண்ணன் கொட்டிலில் இருப்பதையும் நான் அந்தப் பக்கமே பார்க்காமல் முருங்கைக்கீரை உருவுவதையும் கவனித்துவிட்டுச் சொன்னார்: "சக்களத்தி வந்தாக்கூட முடியப் புடிச்சுச் சண்ட போடலாம் அண்ணி. இவளுக்குக் கொம்பு வேற இருக்குது, நீங்க என்ன பண்ணுவீங்க?" நான் சிரிக்கவில்லை. அவர் வெகுநேரம் சிரித்தார்.

என் கண்புரை அறுவை நடந்த ஆண்டில் எங்கள் பகுதியின் கறவை மாடுகளுக்கெல்லாம் காசநோய்ச் சோதனை செய்தார்கள். அதற்குத்தான் அந்த ஊசி. மூன்றாம் நாள் வந்து, ஊசி போட்ட இடத்தின் தடிப்பை அளந்து பார்ப்பார்கள். இளம் வயதினரான அந்தப் பெண் மருத்துவர் இரு முனைகளுள்ள அளவியைத் தோல்மடிப்பில் பொருத்திப் பார்த்தார். மீண்டும் ஒருமுறை பொருத்தினார். பிறகு என் கணவரைப் பாராமல் சொன்னார்: "வீக்கம் இருக்க வேண்டியதுக்கு மேல இருக்குதுங்கையா. காசநோயா இருக்கலாமுன்னு சந்தேகம். கொஞ்ச நாளு இடைவெளி விட்டு, ரெண்டு விதமான ஊசி போட்டு ஒப்பிட்டுப் பாத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்."

என் கணவர் பசுவின் முதுகில் வைத்த கையை எடுக்கவில்லை. நான் முன்னே வந்து, "சட்டப்படி இதனை இங்கிருந்து அப்புறப்படுத்திவிட வேண்டும் அல்லவா?" என்று கேட்டேன். என் குரலில் இருந்த ஆர்வத்தை மருத்துவர் அச்சமென்று எடுத்துக்கொண்டார்.

"இல்லீங்கம்மா, சட்டம் அதுக்கு நேர்மாறு. நோய்ன்னு சந்தேகம் வந்துட்டா மாட்ட எங்கயும் ஓட்டிட்டுப் போகக்கூடாது. விக்கக்கூடாது, சந்தைக்குக் கொண்டு போகக்கூடாது. மத்த மாடுங்க கிட்ட வராம, இங்கயே தனியாப் பிரிச்சுக் கட்டோணும்."

கால்நடைகளின் தொற்றுநோய்களைத் தடுப்பதற்கான அந்தச் சட்டத்தைப் பின்னர் நானே வருவித்துப் படித்தேன். உரிமையாளர் நோயை மறைக்காமல் தெரிவிக்க வேண்டும். விலங்கை விலக்கிக் கட்ட வேண்டும். அது தின்ற வைக்கோலும் படுத்த இடமும் தூய்மை செய்யப்பட வேண்டும். நோய் உறுதியாகி, மீளாது என்று அரசு மருத்துவர் சான்றளித்தால் வலியின்றி அதன் உயிரைப் போக்கவும் இடமுண்டு. ஒவ்வொரு பிரிவும் பிழையற்ற கட்டுக்கோப்புடன் இருந்தது. ஒன்றில்கூட எனக்கு உதவி இல்லை. யாரை என் வீட்டிலிருந்து வெளியேற்றச் சட்டம் வருமென்று நினைத்தேனோ, அவளை என் வீட்டுக் கொல்லையிலேயே அது இருத்திவிட்டது.

செய்தி பரவிய ஒரு வாரத்தில் மாட்டுத் தரகர் ஒருவர் சமவெளியிலிருந்து வந்தார். "ஐயா, கழுத்துல மயிரு மொளைக்கட்டும். நானு கீழ சந்தைக்கு ஓட்டிட்டுப் போயிடறேன். யாரு கேக்கப் போறாங்க?" என்றார். என் கணவர் அவருக்குக் காப்பி கொடுக்கச் சொன்னார். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, "வாங்கற ஊட்டுல ஒரு கொழந்த அந்தப் பாலக் குடிக்குமுங்க" என்று மட்டும் சொன்னார். தரகர் எழுந்து போய்விட்டார். சொன்ன சொல் சரியானது. ஆனால் அன்று அவர் தம் பசுவை விட்டுக்கொடுக்க மறுத்ததற்கு அது ஒன்றுதான் காரணமா என்பதில் எனக்கு ஐயம் இருந்தது, இன்றும் இருக்கிறது.

கொல்லையின் கோடியில், மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில், தகரக் கூரை வேய்ந்து சுற்றிலும் மூங்கில் வேலி கட்டினோம். இனி அவர் பகலெல்லாம் அங்கேதான் இருப்பார் என்று நான் நினைத்தேன். நிகழ்ந்தது வேறு. வீட்டில் இருப்பவர்களுக்கும் நெஞ்சுச் சோதனை தேவை என்று சொல்லி எங்கள் இருவரையும் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். எனக்கு ஒன்றுமில்லை. அவருக்கு இளமையில் ஒருமுறை காசநோய் வந்து ஆறியிருந்தது. அந்தத் தழும்பு எக்ஸ்ரே படத்தில் தெரிந்தது. இப்போது நோயில்லை என்றாலும், முடிவு தெரியும்வரை அவர் அந்தப் பசுவை நெருங்கவே கூடாது என்று அங்கிருந்த மருத்துவர் கண்டிப்பாகக் கூறினார். பசுவை யாரேனும் ஒருவர் மட்டுமே பேண வேண்டும். பலர் புழங்கக் கூடாது. கூலிக்கு வர எவரும் இசையவில்லை. வீட்டில் எஞ்சியவள் நான்.

மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு முதல்நாள் உள்ளே சென்றேன். அவள் என்னைக் கண்டதும் பின்வாங்கி, கயிறு இறுகும்வரை விலகி நின்றாள். எங்களுக்குள் இருந்த உறவை அவளும் அறிந்தே இருந்தாள் என்று எனக்குத் தோன்றியது. "அஞ்சற்க. தீவனம் கொணர்ந்துள்ளேன், உண்" என்றேன். வேலிக்கு வெளியே, அனுமதிக்கப்பட்ட தொலைவில் நின்றிருந்த என் கணவர் நெற்றியில் கைவைத்துக்கொண்டார்.

"டீச்சர், அவ என்ன பரீச்சையா எழுதப் போறா? அப்புடிப் பேசுனா எப்புடீங்க கிட்ட வருவா? சும்மா கண்ணுன்னு கூப்புடுங்க."

"எனக்கு வராது."

"வருமுங்க. கழுத்துக்குக் கீழ தொங்குது பாருங்க அந்த அலதாடி, அதத் தடவிட்டே சொல்லுங்க."

வந்தது. முதலில் கரகரப்பாக, பிறகு இயல்பாக வந்தது. பால் வற்றும் பருவம். கறந்த கொஞ்சத்தையும் எவருக்கும் தரக்கூடாது என்பதால் காய்ச்சிச் சுண்ணாம்பிட்ட குழியில் ஊற்றினேன். அவர் அப்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தொழுவத்தைக் கழுவி, சாணத்தைப் புதைத்து, கைகால்களைக் கிருமிநாசினியில் தோய்த்துக்கொண்டு நான் வெளியே வருவதற்குள் கேள்விகள் தொடங்கிவிடும். "தின்னாளுங்களா? அசை போட்டாளுங்களா? என்னையத் தேடுனாளுங்களா?" கடைசிக் கேள்விக்கு நான் எப்போதும் சற்றுத் தாமதித்தே விடை சொல்வேன். அந்தத் தாமதம் எனக்கு இனித்தது. திருமணமான நாள்முதல் அவர் என் சொல்லுக்கு இப்படிக் காத்திருந்ததில்லை.

சில வாரங்களில் என் காலடி ஓசைக்கே அவள் எழுந்து நிற்கலானாள். என் முந்தானையை நக்கினாள். கழுத்தை என் தோள்மேல் சாய்த்து முழுப் பாரத்தையும் இறக்கிவிட்டு நின்றாள். ஒருநாள் அப்படி நின்றபோது வேலிப்பக்கம் பார்த்தேன். அவர் அங்கே இல்லை, வீட்டுக்குள் போயிருந்தார். சாப்பிடும்போது, "நொம்பத்தான் ஒட்டிக்கிட்டா போல" என்றார். குழம்பு நன்றாக இல்லை என்று சொல்லும் குரல். அன்று நான் இன்னும் ஒரு கரண்டி சோறு உண்டேன்.

இரண்டாம் சோதனை நாள் நெருங்க நெருங்க எனக்கு உறக்கம் குறைந்தது. மீளாது, சான்றளித்தால், வலியின்றி. நான் ரசித்துப் படித்த கட்டுக்கோப்பான சொற்கள் ஒவ்வொன்றாக எழுந்துவந்தன. இம்முறை ஊசி போட்டபோது அவள் கண்ணை மறைத்தது என் கை. இமைமயிர் உள்ளங்கையில் படபடத்தது. மூன்றாம் நாள் மருத்துவர் இரண்டு தடிப்புகளையும் அளந்து, மூக்குத்துணியைக் கீழே இறக்கினார்.

"மாட்டுக் காசநோய் இல்லீங்க. பறவைகிட்ட, மண்ணுலன்னு இருக்கற வேற ஒரு கிருமி. அதுக்குத்தான் மொதல்ல வீங்கியிருக்குது. சான்று எழுதித் தர்றேன். இனி அவுத்து உடலாம். ஐயாவும் உள்ள வரலாம்."

நான் கயிற்றை அவிழ்த்தேன், அவர் வேலிப்படலைத் தூக்கி ஓரமாக வைத்தார். நாக்கால் ஓர் ஒலி எழுப்பினார், அவ்வளவே. அவள் என் தோளிலிருந்து கழுத்தை எடுத்தாள். நான் நீட்டியிருந்த புல்லைக் கடந்து, என்னைக் கடந்து, நேராக அவரிடம் சென்று அவர் நெஞ்சில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. நான் புல்லைப் பிடித்தபடி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பசுவின்மீது கொண்டிருந்த பொறாமை எங்கும் போகாமல் முழுதாக அவர்மீது திரும்பியது. என் உழைப்பெல்லாம் அவர் எழுப்பிய அந்த ஓர் ஒலிக்கு ஈடாகவில்லை. அதன்பின் அவர் வாழ்ந்த நாள்வரை, கொட்டிலுக்கு முதலில் செல்வது யார் என்று எங்களுக்குள் வெளியில் தெரியாத போட்டி ஒன்று நடந்தது. பெரும்பாலும் அவரே வென்றார்.

அவர் மறைந்து ஓராண்டு நிறைந்துவிட்டது. இறுதிநாள் வரை நெஞ்சில் குறையில்லை, முதுமைதான். சென்ற வாரம் நாத்தனார் வந்தார். பசுவை ஏற்றிச் செல்ல ஒரு ஜீப்புக்குச் சொல்லி வைத்துவிட்டே வந்திருந்தார்.

"அண்ணி, நீங்க ஒண்டியா எத்தன நாளைக்கு மாட்டுப் பொழப்புப் பாப்பீங்க? நம்மூட்டுல ஆளு இருக்குது, புல்லு இருக்குது. டாக்டரம்மாகிட்டயும் கேட்டுட்டேன், இந்த வருசச் சோதனையிலயும் ஒண்ணுமில்ல, தாராளமா ஓட்டிட்டுப் போலாமுன்னாங்க. இனி சட்டமும் தடுக்காது."

அவர் சொன்னதில் தவறேதுமில்லை. எனக்கு முழங்கால் மடங்குவதில்லை. மழை நாளில் கொல்லைவரை நடப்பதே துன்பம். மாரமங்கலத்தில் அவளுக்கு ஒரு குறையும் இராது. அங்கே யாரோ ஒருவரின் நெஞ்சில் அவள் நெற்றியை முட்டி நிற்பதை எண்ணிப் பார்த்தேன்.

"அனுப்ப இயலாது" என்றேன்.

நாத்தனார் என்னை உற்றுப் பார்த்தார். "எங்கண்ணன் இருந்தப்ப அவர இவளுக்குத் தரமாட்டேன்னீங்க. இப்ப இவள எங்களுக்குத் தரமாட்டேங்கறீங்க. நல்ல பொம்பள போங்க" என்று சொல்லிவிட்டு, ஜீப்பை வேண்டாமென்று சொல்லத் தெருவுக்குப் போனார்.

நான் புல்லெடுத்துக்கொண்டு கொட்டிலுக்குச் சென்றேன். அவள் எழுந்து நின்றாள். ஆனால் அவள் பார்வை என்மேல் இல்லை. என் தோளுக்கு மேலாக, புல்லறுத்துக்கொண்டு தோட்டத்திலிருந்து அவர் இறங்கிவரும் ஒற்றையடிப் பாதையில் இருந்தது. நாள்தோறும் அந்த வேளையில் அப்படித்தான் பார்க்கிறாள். நான் ஓரடி நகர்ந்து, அந்தப் பாதை அவளுக்குத் தெரியாதபடி மறைத்து நின்றுகொண்டேன்.